வைராக்கியம் என்று நான் நினைத்தது

கணவர் இறந்த பிறகு, கருணை அடிப்படையில் தஞ்சாவூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சர் வேலை கிடைத்தது. தமிழ்த் தட்டச்சுத் தேர்வில் தேறினால்தான் வேலை நிரந்தரம். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. அதுவரை என் விரல்கள் அறிந்த வேகம் களை பறிக்கிற வேகம்தான்.

அலுவலகம் விட்டதும் பயிற்சி நிலையத்தில் ஒரு மணி நேரம். பிறகு பஸ் பிடித்து ஊருக்குப் போய்ச் சமைக்க வேண்டும். பக்கத்து மெஷின்களில் கல்லூரிப் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டே தட்டுவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுவேன். இரண்டு முறை தேர்வு எழுதி, இரண்டு முறையும் தோற்றேன். தட்டத் தொடங்கியதுமே, ‘இந்தத் தடவையும் போய்விட்டால்?’ என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். கண் ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடும்.

சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்து பஸ் வரும்வரை பக்கத்துப் பெருமாள் கோயிலில் உட்காருவேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அங்கே உபன்யாசம் செய்வார். பாதி கேட்பேன், பாதி தூங்கிவிடுவேன். ஒருநாள், அலைகிற மனதை நிறுத்த அப்பியாசமும் வைராக்கியமும் வேண்டும் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. முடிந்ததும் அவரிடம் போய்க் கேட்டேன்.

“நானும் வைராக்கியமாத்தாங்க பழகுறேன். ஏன் வர மாட்டேங்குது?”

“நீங்க சொல்றது பிடிவாதம்மா. சாஸ்திரத்துல வைராக்கியம்னா பிடிச்சதை விடுறது.”

“விட்டுட்டா பாஸ் பண்றது எப்படிங்க?”

“பாஸ் பண்ணுங்க, யாரு வேணாம்னா? தட்டுற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அதை நினைக்காதீங்க.”

பென்ஷன் வாங்குகிறவர், சொல்லிவிடலாம் என்று எரிச்சலோடு பஸ் ஏறினேன்.

மூன்றாவது தேர்வுக்கு முந்தின இரண்டு நாளும் பருவம் தப்பிய மழை. எங்கள் வயலில் சம்பா அறுப்புக்கு நின்றது; அந்தக் கவலையில் இரண்டு இரவும் தூக்கமில்லை. தேர்வு மையத்து வாசலில் நிற்கும்போது கொழுந்தனார் வயலிலிருந்து போன் செய்தார்.

“எல்லாம் படுத்துடுச்சு அண்ணி.”

“நான் கிளம்பி வரட்டுமா தம்பி?”

“வந்து என்ன செய்யப் போறீங்க? எழுதிட்டே வாங்க.”

உள்ளே போய் உட்கார்ந்தேன். பயப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. தேற வேண்டும் என்ற ஆசையும் எங்கோ கழன்று விழுந்திருந்தது. எதிரே தாளில் ஓர் எழுத்து இருந்தது, தட்டினேன். அதற்கடுத்து இன்னோர் எழுத்து. நிறுத்தச் சொன்னபோது கடைசி வரியில் இருந்தேன்.

அது அந்த அம்மா சொன்ன வைராக்கியமா, வெறும் அசதியா என்று எனக்கு இன்றும் தெரியாது. மாதக்கணக்கில் பழகிய விரல்கள், நான் குறுக்கே நிற்காததால் தம் வேலையைப் பார்த்தன, அவ்வளவுதான்.

சேற்றிலும் ஓடுகிற பெல்ட் அறுவடை மெஷினை இறக்கிப் பாதி நெல்லைத் தேற்றினார் கொழுந்தனார். தேர்வு முடிவு வந்த அன்று, தேறிவிட்டதை அவருக்குத்தான் முதலில் சொன்னேன்.

“சந்தோஷமா அண்ணி?”

“தூக்கம் வருது தம்பி.”

அன்று அலுவலகம் விட்டதும் நேரே ஊர் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.