கண்மாயில் விரித்த தண்ணீர்

எங்கள் ஆராய்ச்சி விமானத்தின் தரையில் வட்டமாக ஓர் ஓட்டை உண்டு. அதில் கேமராவைக் கீழ்நோக்கிப் பொருத்தியிருப்போம். திண்டுக்கல் சமவெளிக்கு மேலே விமானம் ஏர் ஓட்டுவது போலப் போவதும் திரும்புவதுமாக இருக்கும். வந்து விழும் படங்களைத் திரையில் சரிபார்ப்பது என் வேலை. வாந்தி வந்தாலும் திரையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

எனக்குப் பின் இருக்கையில் தலைமை விஞ்ஞானி. படங்களைப் பறக்கும்போதே அலசி, தண்ணீருக்கு நீலமும் பயிருக்குப் பச்சையும் பூசிக் காட்டும் மென்பொருள் அவர் எழுதியது. பெற்ற பிள்ளையைக்கூட அவர் அந்த அளவுக்கு நம்பியிருப்பாரா தெரியவில்லை.

ஒரு பங்குனி மாதக் காலையில் நத்தம் பக்கம் பறந்தபோது, ஒரு கண்மாயின் நடுவே திரை நீலம் காட்டியது. என் மாமனார் ஊர்க் கண்மாய் அது. முந்தின வாரம்தான் அதன் குறுக்கே பைக் ஓட்டிப் போயிருந்தேன். டயரில் ஒட்டியதெல்லாம் புழுதி. அதை விஞ்ஞானியிடம் சொன்னேன்.

"நீங்க பாத்தது போன வாரம். இது இப்ப எடுத்தது" என்றார்.

இடையில் மழையே இல்லையே என்றேன். ஊற்றாக இருக்கலாம் என்றார். விமானம் தரையிறங்குவதற்குள் அந்த ஊற்றுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்து, அறிக்கையில் ஒரு பத்தியும் எழுதிவிட்டார். ஆனாலும் யாராவது நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. என்னையே அனுப்பினார்.

மறுநாள் போய்ப் பார்த்தால், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து கண்மாய்க்குள் பெரிய பெரிய நீலத் தார்ப்பாய்களை விரித்துப் புளி காயப்போட்டிருந்தார்கள். நாங்கள் பறந்த நேரத்தில் பாய் விரித்தாகியிருந்தது, புளி இன்னும் கொட்டவில்லை. அவ்வளவுதான் ஊற்று.

புளியைக் கிளறிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, விமானத்தில் எடுத்த படத்தை என் போனில் காட்டினேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். தன் வெள்ளாட்டைக் கண்டுபிடித்தார். கரையில் வைத்திருந்த தூக்குச்சட்டியைக் கண்டுபிடித்தார்.

"ஏந்தம்பி, ஆடு தெரியுது, தூக்குச்சட்டி தெரியுது. தண்ணி இல்லைங்கிறது மட்டும் தெரியலையாக்கும்?"

ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் எடுத்துவந்த போட்டோக்களை விஞ்ஞானி வெகுநேரம் பார்த்தார். நீலம் என்று மென்பொருள் சொன்னது சரிதானே என்றார். ஊற்றை மட்டும் எடுத்துவிட்டு, "தற்காலிக நீர்நிலை" என்று மாற்றித் தாளை நீட்டினார். அடுத்த முறை விமானத்தில் எனக்கு இடம் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். கையெழுத்துப் போட்டேன்.

வைகாசியில் அந்த அம்மா போன் செய்தார்.

"தம்பி, கண்மாயில மீன் பிடிக்கிற குத்தகைக்கு மீன்பாசி ஏலம் விடணும்னு ஆபீஸ்காரவுக வந்து நிக்கிறாக. படத்துல தண்ணி இருக்காம்ல. கெண்டை வளருமா, கெளுத்தி வளருமான்னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?"

பின்னால் பலர் சிரிப்பது கேட்டது. அவருடைய குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. போனை அந்த அதிகாரியிடம் கொடுக்கச் சொல்லி, அங்கே தண்ணீர் கிடையாது, தார்ப்பாய்தான், கையெழுத்துப் போட்டவன் நான்தான் என்றேன். கட்டாந்தரையில் நின்றுகொண்டிருந்த அவர், அதை எழுத்தில் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அன்றைக்கே எழுதினேன். ஒரு நகலை விஞ்ஞானியின் மேஜையில் வைத்துவிட்டுத் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

அவர் இரண்டு முறை படித்தார். மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில், தண்ணீரையும் தார்ப்பாயையும் பிரித்தறியும் புதிய வசதி தன் மென்பொருளில் வந்திருப்பதாக அவர் அறிவித்தார். திரையில் ஓடியவை என் போட்டோக்கள். அரங்கம் கைதட்டியது. விமானத்தில் என் இடம் பறிபோகவில்லை என்ற நிம்மதியில் நானும் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே.