லிந்தால்வா மறுபடி அளந்த தலைகள்

ரெசிஃபே நகரத்து மேட்டுத் தெருக்களில் பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் நர்ஸ் லிந்தால்வாவைத் தெரியும். கொசு பரப்பிய ஜிகா காய்ச்சல் கர்ப்பிணிகளுக்கு வந்ததால் பல குழந்தைகள் சிறுத்த தலையோடு பிறந்த வருஷம் அது. அதைக் கணக்கெடுக்கும் ஆய்வில், தலையை அளந்து எழுதுவது அவள் வேலை. வாய் ஓயாமல் பேசுகிறவள்.

இரண்டு மாதம் முன்பு சிறுத்த தலை என்று எழுதியிருந்த ஜூசிலேனியின் மகன் டாவியை ஒரு திங்கட்கிழமை மறுபடி அளந்தாள். அது தெரியாமல் பக்கத்து அறை நர்ஸும் அவனை அளந்தாள். அவளுக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வந்தது. லிந்தால்வா தன் துணி நாடாவை இரும்பு அளவுகோல்மேல் வைத்துப் பார்த்தாள். மருந்துத் தண்ணீரில் தினமும் அலசி அலசி நாடா இழுபட்டு நீண்டிருந்தது. அதில் எந்தத் தலையும் சின்னதாகத்தான் தெரியும்.

நேரே ஆய்வுத் தலைவி டாக்டர் கிளாவுசியாவிடம் போய்ச் சொன்னாள். வெள்ளிக்கிழமை தலைநகருக்கு அறிக்கை போக வேண்டும்.

"ஒரு சென்டிமீட்டர்தானே, லிந்தால்வா? நாடே காத்துக்கிட்டு இருக்கு."

"காத்துக்கிட்டு இருக்கறவங்ககிட்ட தப்பாவா சொல்றது, டாக்டர்? எழுதினது என் கை. நானே திருத்தறேன்."

டாக்டர் தலைநகருக்குப் போன் செய்து, தப்பு எங்களுடையது, அறிக்கை தாமதமாகும் என்றார். மறுமுனையின் வசவு அறை முழுக்கக் கேட்டது.

நான்கு வாரம் இரண்டு நர்ஸுகளும் புது நாடாக்களோடு மேட்டுப் படிகளில் ஏறி இறங்கினார்கள். ஒருத்தி அளந்ததை மற்றவளிடம் சொல்லக் கூடாது என்று ஏற்பாடு. லிந்தால்வாவுக்குப் படி ஏறுவதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

"திரும்பவுமா? என் பிள்ளை தலை என்ன தர்பூசணியா, வர்றவங்க போறவங்க எல்லாம் தடவிப் பார்க்க?" என்றாள் ஒரு தாய்.

சிறுத்த தலை என்று எழுதியிருந்த ஐம்பத்தெட்டுப் பேரில் பத்தொன்பது பேருக்குத் தலை சரியாகவே இருந்தது; டாவியும் அதில் ஒருவன். டாக்டரும் சோதித்து உறுதி சொன்னார். மீதிக் குழந்தைகளுக்கு இனி சிகிச்சை வரிசையில் காத்திருப்பு குறையும்.

ஜூசிலேனியிடம் லிந்தால்வாவே போய்ச் சொன்னாள். "நாடாவைச் சரிபார்க்காம விட்டது நான்தான். மன்னிச்சிடு."

"மூணு மாசம் அழ வச்சியே, பாவி." திட்டிக்கொண்டே கட்டிப்பிடித்தாள் ஜூசிலேனி. டாவியை லிந்தால்வாவின் மடியில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூவி அழைத்தாள். சோளக் கேக் வந்தது. யாரோ ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள்.

அறிக்கை ஒரு மாதம் தாமதமாகப் போனது. நாடாவின் கதையை முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார் டாக்டர். மறுவாரமே மற்ற ஊர்களிலிருந்து போன்கள்: அளவுகோலில் எப்படி வைத்துப் பார்ப்பது என்று கேட்டு. அன்று முழுக்க லிந்தால்வா பேசிக்கொண்டே இருந்தாள்.