அண்ணி பெயரில் பதினோரு அர்ச்சனை

அம்மனை நம்பி வருகிறவர்களே, நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னை நல்லவள் என்று நினைக்க மாட்டீர்கள். பரவாயில்லை.

என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே என் இரண்டு சிறுநீரகங்களையும் அழித்துவிட்டது. அண்ணன் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்து ஆறு வருடமாகிறது. போன தீபாவளிக்கு முந்திய வாரம் சிறுநீரில் மறுபடியும் நுரை, புரதம் கசிகிறது என்பதற்கு அடையாளம். அந்த நுரையை எனக்குத் தெரியும். குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தீபாவளியன்று செங்காங் வட்டாரத்தில் உள்ள அண்ணன் வீட்டில் கூடியிருந்தோம். அண்ணி கோமதி முறுக்குத் தட்டை வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் சொன்னார்.

"மருந்த ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இப்படி ஆகுமா? என் வீட்டுக்காரர் கிட்னிய பாழாக்கிட்டா லா."

ஒரு வேளை மருந்துகூட நான் தவறவிட்டதில்லை. அண்ணன் முறுக்குத் தட்டை எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தோ பாயோவில் உள்ள அம்மன் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைச் சீட்டில் அண்ணியின் பெயரை எழுதினேன். உத்திரட்டாதி நட்சத்திரத்தையும் எழுதினேன், அம்மனுக்கு ஆள் மாறிவிடக் கூடாதே. ஐயர் மந்திரம் சொல்லும்போது மனதுக்குள் கேட்டேன்: இந்தக் கிட்னியைக் காப்பாற்று. இவளை என் முன்னால் தலைகுனிய வை. பதினோரு வாரம் இப்படியே. அர்ச்சனை செய்வதே அந்தப் பெயருக்கு உரியவர் நன்றாக இருக்கத்தான் என்பது கோபத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

இடையில் பயாப்சி எடுத்தார்கள். பழைய நோய்தான் திரும்பியிருக்கிறது, மருந்து தவறியதால் வந்ததில்லை என்று டாக்டர் அண்ணனிடமே சொன்னார். அதற்குக் கொடுத்த ஸ்டீராய்டில் என் முகம் வீங்கியது. பொங்கல் கழிந்து பார்த்தபோது புரதக் கசிவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

பன்னிரண்டாவது வெள்ளி. கோயிலில் அண்ணி நின்றிருந்தார். தன் பெயரில் அர்ச்சனை செய்ய வந்தவரிடம், உங்கள் நாத்தனார் வாரா வாரம் இதே பெயருக்குத்தானே செய்கிறார் என்று எங்கள் குடும்பத்தைத் தெரிந்த ஐயர் சொல்லியிருக்கிறார்.

"நான் அப்படிப் பேசியும் எனக்காக வேண்டிக்கிட்டியா மாலா? என்ன மன்னிச்சிடு."

தலைகுனிந்து அழுதார். கேட்டது அப்படியே கிடைத்தது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. உண்மையை இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது மருத்துவமனைக்கு என்னோடு வருவது அண்ணிதான். கிட்னி வேலை செய்கிறது. அம்மனுக்குக் கோடி நன்றி. உங்களுக்கும் யார் மேலாவது ஆத்திரம் இருந்தால் அம்மனிடமே கொண்டுபோய்க் கொட்டுங்கள். என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியும்.

நான் இப்போது சீட்டில் இரண்டு பெயர் எழுதுகிறேன். என் பெயர்தான் முதலில்.