பதினான்காவது நோன்பில் அசையாத பிள்ளை

ஒன்பது வருடம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. சோதனைக்குழாய் சிகிச்சையில் மூன்றாவது தடவைதான் கரு தங்கியது. அன்றே நேர்ச்சை செய்தேன். "யா அல்லாஹ், இந்தப் பிள்ளையை நிலைக்க வை. வரும் ரமலானில் ஒரு நோன்புகூட விடமாட்டேன்."

ரமலான் வந்தபோது எனக்கு ஏழாம் மாதம். பனிக்குட நீர் குறைவு, பட்டினி கூடவே கூடாது என்றார் டாக்டரம்மா. கர்ப்பிணிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறதே என்றார் என் கணவர். நன்றாகத் தலையாட்டினேன். அவர் மகாபலிபுரத்தில் கடை திறக்கக் கிளம்பியதும், எனக்கு வைத்த இட்லியைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். சொன்ன சொல் தவறினால் கொடுத்தவன் திருப்பி எடுத்துக்கொள்வானோ என்று அவ்வளவு பயம். பொய் சொல்லிக்கொண்டே நோன்பு பிடித்த புத்திசாலி நான்!

பதினான்காவது நோன்பு. நண்பகல் லுஹர் தொழுத பிறகு பிள்ளை அசையவில்லை. இடப்பக்கமாகப் படுத்தேன். வயிற்றைத் தடவினேன். பேசிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கும் சொல்லிவிட்டார்கள். தம்ளரில் தண்ணீர் எடுத்து உதடுவரை கொண்டுபோனேன். குடித்தால் நேர்ச்சை முறியும். குடிக்காவிட்டால் பிள்ளை? "எனக்கு வழி தெரியவில்லை ரஹ்மானே, நீயே சொல்" என்று அழுதேன்.

அந்நேரம் மாமியார் உள்ளே வந்தார். "இன்னாமா, மூஞ்சி இப்டி வெளுத்துக் கீது?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நேர்ச்ச வெச்சது நீயா, வவுத்துல கீற புள்ளயா? அது எதுக்குப் பட்டினி கெடக்கணும்? மொதல்ல குடி!"

நான் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்று புரிந்தது. குடித்தேன். ஆட்டோவில் செங்கல்பட்டுக்கு ஓடினோம். திருக்கழுக்குன்றம் தாண்டியும் அசைவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றில் கருவியை நகர்த்தி நகர்த்தித் தேடினார். என் நாக்கு கலிமாவை விடவில்லை. பிறகு கேட்டது, அந்தச் சின்ன இதயம் ஓடும் சத்தம். கதறிவிட்டேன்.

இப்போது மகளுக்கு இரண்டு வயது. அவள் பால் மறந்த பிறகு, விட்ட நோன்புகளை ஒவ்வொன்றாக வைத்து முடித்தேன். சகோதரிகளே, என்னைப் போல அல்லாஹ்விடம் பேரம் பேசாதீர்கள். அழுது கேளுங்கள், தருவான். அவன் தந்த சலுகையையும் அவன் கருணை என்றே நம்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

மகள் தண்ணீர் கேட்கும்போதெல்லாம் அதே தம்ளரில் ஊற்றிக் கொடுக்கிறேன். அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்று, அல்ஹம்துலில்லாஹ் என்கிறேன்.