போகிறேன் என்றவன்

சுதந்திரம் வந்த மறுவருஷம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய மாயாஜாலக் கதைக்கு எழுத்துக் கோத்தவர் ராயபுரத்து அச்சகம் ஒன்றின் கம்பாசிட்டர். சோடாபுட்டிக் கண்ணாடி, மையில் கறுத்த கட்டைவிரல். முணுமுணுத்துப் படித்தபடியே கோப்பார், பிடிக்காததை மாற்றிவிடுவார்.

என் நாயகனுக்குப் பதினாறு வயது. எண்ணூர்க் கடலுக்கு அப்பாலிருக்கும் பூதத்தோடு சண்டை போடக் கிளம்பியவன், தாயிடம் "போகிறேன்" என்றான். திருத்தம் பார்க்க வந்த புரூபில் அது "போய் வருகிறேன்" என்றிருந்தது. ஏன் மாற்றினீர் என்று கேட்டேன்.

"இன்னா சார், போறேன்னு சொல்லிகினு போனா, புள்ள எப்டி வூடு வந்து சேரும்?"

கடைசி அத்தியாயத்தில் பூதம் அவனைத் தின்றுவிடுவதாக எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப்போட்டு, பையனை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தேன்.

வேலையை விட்ட அன்று கம்பாசிட்டர் என்னிடம், "போறேன் சார்" என்றார். அச்சுப்பிழை என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.