இஞ்சித் தண்ணீருக்கு ஏற்றிய காஸ்

எனக்குப் பொறுமை கிடையாது. சுவிஸில், லுசேர்ண் நகரத்து ஹோட்டல் சமையலறை ஒன்றில் இருபது வருடம் நின்றவனிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது. அப்படிப்பட்ட நான் வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்கியபோது மனைவி சிரித்தாள். "உங்களுக்கு இடியப்பம் அவியுமட்டும் நிக்கேலாது. உது புளிக்குமட்டும் நிப்பியளோ?" என்றாள். ஆனாலும் ஓல்டனில் எங்கள் வீட்டு நிலவறையில் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள் என் பீப்பாயும், பக்கத்தில் பியருக்கு நுரை ஏற்றும் காஸ் சிலிண்டரும் இடம் பிடித்தன. சாமான் விற்ற கடைக்காரன், காஸின் அளவை அடக்கும் ரெகுலேட்டரின் ஊசியை ஒரு பார் அழுத்தத்தில் நிறுத்தித் தந்திருந்தான். பல வருடமாக நான் அதன் அழுத்தத் திருகைத் தொட்டதே இல்லை.

பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றத் தொடங்கியதும் நாக்குச் செத்துப்போயிற்று. சோறு மண், தண்ணீர் அதைவிட மோசம் என்பாள். நிறை இறங்கிக்கொண்டே போனது. இப்படியே போனால் அடுத்த மருந்தை ஏற்ற முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். எனக்குப் பயத்தில் கோபம்தான் வந்தது. "வாயைத் திறந்து விழுங்கிறதுக்கு உமக்கு என்ன கஷ்டம்?" என்று ஒருநாள் கத்தினேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மத்தியானம் கடைச் சோடாவில் ஒரு வாய் குடித்துவிட்டு, "உது நாக்கிலை தெரியுது," என்றாள். ருசி இல்லையாம், சும்மா குறுகுறு என்கிறதாம். இரண்டாவது வாயில் முகத்தைச் சுளித்தாள். மருந்தால் வாயெல்லாம் புண். அந்தச் சோடாவின் காஸ் அந்தப் புண்ணுக்கு மிக அதிகம். அளவாக ஏற்ற என்னிடம்தான் சாமான் இருக்கிறதே என்று கீழே ஓடினேன்.

இருந்த பியரையெல்லாம் ஊற்றிவிட்டு, பீப்பாயைக் கொதிநீரில் மூன்று தரம் கழுவி, கொஞ்சம் சீனியோடு இஞ்சி அவித்த தண்ணீரை நிரப்பினேன். "வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் பியர் பீப்பாயிலையோ எனக்குத் தரப்போறியள்?" என்று மேலேயிருந்து கேட்டாள். காஸைக் குறைக்கவென்று திருகை வலப்பக்கம் இறுக்கினேன். தண்ணீர்க் குழாய் அப்படித்தானே மூடும்! ரெகுலேட்டரில் அது தலைகீழ், இறுக்க இறுக்க அழுத்தம் ஏறும். ஊசியைத் திரும்பிப் பார்க்கவும் எனக்குப் பொறுமை இல்லை. அடுத்த நாள் கிளாஸில் விழுந்தது முழுக்க நுரை. ஒரு வாய் வைத்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு," என்றாள் வாயைப் பொத்திக்கொண்டு.

கடைக்காரனிடம் போய்க் கேட்டேன். திருகை இடப்பக்கம் தளர்த்தினால் மட்டும் போதாது, பீப்பாய் மூடியிலுள்ள வளையத்தை இழுத்து உள்ளே நிற்கும் காஸையும் விடவேண்டும், பிறகு ஒருநாள் பொறுத்துத்தான் குடித்துப் பார்க்கவேண்டும் என்றான். ஒருநாள்! என் குணத்துக்கு அது ஒரு தண்டனை. ஆனால் பொறுத்தேன்.

"இண்டைக்கு எப்பிடி?" என்று காலையில் கேட்பேன். "ஒண்டும் தெரியேல்லை" என்றால் கால் சுற்று ஏற்றுவேன். "குத்துது" என்றால் இறக்குவேன். ஊசி முக்கால் பாருக்குக் கொஞ்சம் மேலே நின்ற அன்று, ஒரு கிளாஸ் முழுதையும் குடித்து முடித்தாள். அதன்பின் நாளுக்கு நாலு கிளாஸ். சாப்பாடு இறங்காத உடம்புக்கு இதாவது சேரட்டும் என்று, அவளுக்குச் சொல்லாமல் சீனியைக் கூட்டிக்கொண்டே போனேன். நாக்குச் செத்தவளுக்கு இனிப்பு எங்கே தெரியப்போகிறது! நிறை இறங்குவது நின்றது, மருந்தும் தவணை தவறாமல் ஏறியது.

கடைசி மருந்து முடிந்து சில கிழமைகளில், வழக்கம்போல் ஒரு காலை கிளாஸை நீட்டினேன். ஒரு வாய் குடித்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உது என்ன சீனிப்பாணியோ? ஒரு கணக்கில்லாமல் சீனியை அள்ளிக் கொட்டியிருக்கிறியள்!"

நான் அப்படியே நிலத்தில் குந்தி அழத் தொடங்கிவிட்டேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கிளாஸைப் பார்த்தாள், இன்னொரு வாய் குடித்தாள்.

"இன்னொருக்காச் சொல்லும்," என்றேன்.

"சரியான இனிப்பப்பா," என்றாள்.