ஒரு புதுப் பற்றரியும் ஒரு பழையதும்

சின்ன ரோச் லைற் ஒன்றைக் கையில் எடுத்தால் நீங்கள் வெளிச்சத்தைப் பார்ப்பீர்கள். நான் சூட்டைப் பார்ப்பேன். கொஞ்ச நேரம் எரியவிட்டு, தலை சுடுகிறதா வால் சுடுகிறதா என்று தடவிப் பார்ப்பேன். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்தப் பாடத்தை எனக்குப் படிப்பித்தது ஒரு கடகம் முட்டை. பிள்ளைகளே, உங்கள் அம்மா இதைச் சொன்னால் என்னைக் கேலி செய்துதான் சொல்லுவா. ஆகவே நானே எழுதி வைக்கிறேன்.

சண்டை ஓய்ந்து, வன்னிக்குப் பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. உருத்திரபுரத்தில் எங்கள் காணிக்குத் திரும்பி வந்து, பழைய சுவர்களுக்கு மேலே தகரம் போட்டிருந்தோம். மூத்தவள் தொட்டிலில். மற்ற இரண்டு பேரும் இன்னும் பிறக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு அந்த வீடு வீடாகவே தெரியவில்லை. "முத்தத்திலை நாலு கோழி கிளறாட்டி உது வீடே?" என்று நாளுக்கு ஒரு தரம் கேட்பா. இடம்பெயர்ந்தபோது அவவுடைய கோழிகள் எல்லாம் போய்விட்டன. சந்தையில் ஒரு பேட்டுக்கோழி வாங்கினோம். சேவல் இல்லை. அந்தக் கோழி அடைக்குக் கிடந்தபோது, அக்கராயனில் இருந்த அம்மாவின் தமக்கையிடம் பன்னிரண்டு முட்டை கேட்டு, உமிக்குள் வைத்து, சைக்கிளில் குழி பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தேன். பனையோலைக் கடகத்தில் வைக்கோல் போட்டு, இடி முழக்கத்தில் முட்டை பழுதாகாமல் இருக்க ஒரு இரும்பாணியும் ஒரு கரித்துண்டும் வைத்து, அம்மா கோழியை அடை வைத்தா. அந்தப் பன்னிரண்டும்தான் அவவுடைய முற்றம்.

அந்த நாட்களில்தான் அம்மாவின் அண்ணன் கனடாவிலிருந்து பத்து வருடத்துக்குப் பிறகு வந்து நின்றார். போகும்போது எனக்கு ஒரு ரோச் லைற் தந்தார். என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். ஆனால் அடித்தால் இரண்டு காணி தள்ளி நின்ற பனையின் உச்சி வட்டில் ஓலையை எண்ணலாம். உள்ளே குட்டையாய், குண்டாய் இரண்டு பற்றரி. அப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை. வேறு நான்கும் தந்தார்.

"மச்சான், இதுக்கு உந்தப் பற்றரிதான். மாத்தினால் ரெண்டையும் ஒண்டா மாத்தோணும்."

"ஓம் ஓம்" என்றேன்.

ஓம் என்றேனே தவிர, மனதுக்குள் சிரித்தேன். பற்றரி பற்றி எனக்கா சொல்லுகிறார்? சண்டையில் பொருள்களுக்குத் தடை இருந்த காலம் முழுக்க வன்னிக்குள் பற்றரி வராது. எப்படியோ ஒன்று கிடைத்தால் அதை வைத்துப் பல மாதம் ஓட்டியவர்கள் நாங்கள். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து உயிர் கொடுப்போம். ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விடுவோம். ஒரு புதியதோடு ஒரு பழையதைச் சேர்த்துப் போட்டு ரேடியோவில் செய்தி கேட்போம். இரண்டையும் ஒன்றாக எறிகிறவன் பற்றரி மலிந்த நாட்டுக்காரன் என்று நினைத்தேன்.

முதல் சோடி ஒரு கிழமையில் மங்கிவிட்டது. காரணம் நான்தான். வந்தவன் போனவனுக்கெல்லாம் அடித்துக் காட்டினேன். ஒன்றை எடுத்துவிட்டுப் புதியது ஒன்று போட்டேன். மற்றப் பழையதை அரை நாள் தகரக் கூரையில் வெயிலில் வைத்து, அதையே வால் பக்கம் போட்டு மூடினேன். வெளிச்சம் வந்தது. கண் கூசியது. எனக்கு அப்படி ஒரு பெருமை.

அடை வைத்து ஏழாம் நாள் அம்மாவிடம் சொன்னேன்:

"இஞ்சேர், எந்த முட்டையிலை குஞ்சு இருக்கு, எது கூழ்முட்டை எண்டு இண்டைக்கே சொல்லுறன்."

"அது பத்தொன்பதாம் நாள் இளஞ்சூட்டுத் தண்ணியிலை விட்டால் தானாத் தெரியும்."

"அதுக்கு முதல் கூழ்முட்டை வெடிச்சு மற்றதையும் பழுதாக்கினால்?"

அந்தப் பயம் அவவுக்கும் இருந்தது. சமைக்கிற குசினியின் யன்னலுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கினோம். வெளியே மத்தியான வெயில். கோழியைத் தூக்கி முற்றத்தில் விட்டுவிட்டு, கடகத்தைக் கொண்டுவந்தோம். ரோச் முகத்தில் முதல் முட்டையை வைத்தேன்.

முட்டை முழுவதும் செம்மஞ்சளாய் ஒளிர்ந்தது. உள்ளே மரத்தின் வேர்போலச் சிவப்பு நரம்புகள். நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. அது அசைந்தது.

"ஐயோ, உயிர் இருக்கப்பா!" என்று அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டா. அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவவின் குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை அன்றுதான் கேட்டேன்.

அந்தச் சந்தோசத்தை நீட்டவேண்டும் என்று நானும் ஒவ்வொரு முட்டையையும் நெடுநேரம் பிடித்தேன். மூன்றாவது முட்டையை என் கையிலிருந்து வாங்கும்போது அதன் ஓட்டைத் தொட்டுப் பார்த்தவ, "உதென்ன, பாக்கிறியளோ, அவிக்கிறியளோ?" என்றா. அது சரியான கேள்வி. வெளிச்சம் கூடின பல்ப் கண்ணாடியை அடுப்பாக்கிவிடும். கடுதாசி மட்டை ஒன்றில் துளை வெட்டி, கண்ணாடிக்கும் முட்டைக்கும் இடையில் பிடித்தோம். இரண்டு முட்டை வெறுமையாய்த் தெரிந்தன. அவற்றை வேறாக வைத்தா.

எட்டாவது முட்டை கையில் இருக்கும்போது மட்டையை அம்மா தவறவிட்டுவிட்டா. மட்டை இல்லாமலே பிடித்தேன். உள்ளங்கை சுட்டது. தலை சுடுவது வழக்கம்தானே என்று இருந்தேன். ஆனால் என் உள்ளங்கை வால் பக்கத்தில் இருந்தது. அதை அந்த நேரம் யோசிக்கவில்லை. வெளிச்சம் திடீரென்று மஞ்சளானது. உள்ளே சீ என்று ஒரு சத்தம். மூக்கை எரிக்கிற ஒரு மணம்.

"எறியுங்கோ!" என்றா அம்மா. சொல்லும்போதே கடகத்தைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டா. நான் முட்டையை உடுத்திருந்த சாரத்து மடியில் போட்டுக்கொண்டு, ரோச்சை முற்றத்துச் சாம்பல் குவியலுக்கு எறிந்தேன். விழுந்ததும் வெடித்தது. வால் மூடி பறந்து போய் வேலித் தகரத்தில் அடித்தது. வெள்ளைப் புகை. கிளம்பிய சாம்பல் படிந்த கையாலேயே மடியில் இருந்த முட்டையை எடுத்துக் கடகத்தில் வைத்தேன்.

பக்கத்துக் காணிக்காரர் கையில் மண்வெட்டியோடு ஓடிவந்தார். "என்ன, மிதிவெடியே?"

"இல்லையண்ணை. கனடா ரோச்" என்றா அம்மா. "இவர் அதுக்கு வெயில் காட்டினவர்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோழி கத்திக்கொண்டு வேலிக்கு அப்பால் போய்விட்டது. முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. நெல்லைக் காட்டி, குரல் கொடுத்து, அரை மணித்தியாலத்துக்கு மேல் அதைக் கெஞ்சினோம். அது கடகத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்து, என்னை ஒரு பார்வை பார்த்து, பிறகு ஏறி உட்கார்ந்தது.

பத்து முட்டைக்கும் உயிர் இருக்கிறதா என்று பார்க்க இனி ரோச்சும் இல்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு நாளும் அம்மா கோழிக்கு நெல்லும் தண்ணீரும் கடகத்தடிக்கே கொண்டுபோய் வைத்தா. அவ ஏசியிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் யோசித்தேன். யோசித்து விளங்கியதைச் சொல்கிறேன், கேளுங்கள். இரண்டு பற்றரி ஒரு வண்டியில் பூட்டின இரண்டு மாடு மாதிரி. சத்துள்ள மாடு இழுக்கும். சத்தில்லாத மாடு விழுந்தாலும் வண்டி நிற்காது, அதை இழுத்துக்கொண்டு போகும். பழைய வகைப் பற்றரி அந்த இழுவையில் கசிந்து, ஊறி, மெல்லச் சாகும். இந்தக் குட்டிப் பற்றரிக்குள் இருக்கிற சக்தி கொஞ்சமல்ல. அது சூடாகி வெடிக்கும். தலை சுட்டால் அது பல்பின் சூடு, அணைத்து ஆறவிடலாம். வால் சுட்டால் அது பற்றரியின் சூடு, முகத்துக்குக் கிட்ட வைத்திருக்காதீர்கள். வெயில் காட்டுவது இந்தப் பற்றரிக்கு மருந்து இல்லை. தடைக் காலத்தில் எங்களைக் காப்பாற்றிய கெட்டித்தனம்தான் அன்று என் கையைச் சுட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பத்தொன்பதாம் நாள் அம்மா அகன்ற சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்தா. முட்டைகளை ஒவ்வொன்றாக விட்டா. தண்ணீர் அடங்கும்வரை இருவரும் சட்டிக்கு மேலே குனிந்து நின்றோம். முதல் முட்டை தானாக ஒருமுறை ஆடியது. பிறகு இன்னொன்று. சட்டிக்குள் சின்னச் சின்ன வட்டங்கள் எழும்பின. ஒன்பது ஆடின. ஒன்று சும்மா மிதந்தது.

"அது எட்டாவது" என்றேன். அந்த ஓட்டில் என் கைச் சாம்பலின் கறை இன்னும் தெரிந்தது.

அம்மா அதை எடுத்து வாழையடியில் புதைத்தா. இரண்டு நாளில் ஒன்பது குஞ்சும் முற்றத்துக்கு வந்தன. அவ வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு அலுமாரியில் மிச்சம் கிடந்த மூன்று பற்றரியையும் எடுத்துவந்தா. இரண்டை றப்பர் பட்டியால் சேர்த்துக் கட்டி என் கையில் தந்தா. தனியாய் நின்றதைத் தரவில்லை.

"கனடா அண்ணையிட்டை இன்னொரு ரோச் கேளுங்கோ. அடுத்த அடைக்கும் அந்தச் சிவப்பு நரம்பு பாக்கோணும்" என்றா. "மட்டையை நான் விடமாட்டன். நீங்கள் உந்த ரெண்டையும் பிரிக்காதேங்கோ."